பழைய கடல் வரைபடத்தில் நம் கரையைத் தேடுவோருக்கு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஸ்ட்ரெதம் என்ற பெயரில் ஒரு கப்பல் இருந்தது. கிழக்கிந்திய கம்பெனியின் சரக்குக் கப்பல். 1809 மே மாதத் தொடக்கத்தில் ஹூக்ளி ஆற்றிலிருந்து இங்கிலாந்துக்குப் பாய் விரித்தது. துணைக்கு வந்த போர்க்கப்பல் புயலில் பிரிந்துபோனது. மே 31 அன்று வங்காள விரிகுடாவில் கரோலின் என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலிடம் ஸ்ட்ரெதம் பிடிபட்டது. அதே 1809இல்தான் ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க் எழுதிய கிழக்கிந்தியக் கடல் வழிகாட்டி லண்டனில் வெளிவரத் தொடங்கியது. அடுத்த பல பத்தாண்டுகள் நம் கரைக்கு வந்த கப்பல்கள் அதை நம்பித்தான் ஓடின.

இன்று அந்தக் கப்பலின் பெயரையே கொண்ட தென் லண்டன் பகுதியான ஸ்ட்ரெதமிலும் பக்கத்து நார்பரியிலும் டூட்டிங்கிலும் யாழ்ப்பாணம், மன்னார், நாகப்பட்டினம், காரைக்கால் என்று கடற்கரை ஊர்களை விட்டு வந்த குடும்பங்கள் இருக்கின்றன. அந்த ஊர்களின் பழைய கடல் வரைபடங்கள் நமக்கு ரொம்பப் பக்கம். ஸ்ட்ரெதம் நிலையத்தில் தேம்ஸ்லிங்க் ரயில் ஏறி செயின்ட் பான்கிராஸில் இறங்கினால் பிரிட்டிஷ் நூலகம். அங்கே கம்பெனியின் ஆவணங்கள் இருக்கின்றன. லண்டன் பிரிட்ஜில் ரயில் மாறினால் கிரீனிச். அங்கே தேசியக் கடல்சார் அருங்காட்சியகமும் அதன் கெயர்ட் நூலகமும் இருக்கின்றன. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் "இதுதான் நம்ம ஊர்" என்று விரல் வைத்துக் காட்டலாம்.

ஆனால் விரல் வைப்பதற்கு முன் படிக்கத் தெரிய வேண்டும். பாய்மரக் காலத்துக் கடல் வரைபடம் ஒரு சாட்சியின் வாக்குமூலம். யார் பார்த்தார், எப்போது பார்த்தார், எந்தக் கருவியால் அளந்தார் என்று கேட்டுப் படித்தால் அது நிறையச் சொல்லும். கேட்காமல் படித்தால் நம்மையும் தரை தட்ட வைக்கும்.

செய்ய வேண்டியவை

1. ஊரின் பழைய பெயர்களை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.
நூலகப் பட்டியலில் பரங்கிப்பேட்டை என்று தேடினால் கிடைக்காது, போர்ட்டோ நோவோ என்று தேட வேண்டும். தரங்கம்பாடிக்கு ட்ராங்க்பார், கோடியக்கரைக்கு பாயிண்ட் காலிமியர், பருத்தித்துறைக்கு பாயிண்ட் பெட்ரோ, மாமல்லபுரத்துக்கு செவன் பகோடாஸ். ஒரே ஊரின் பெயரை டச்சுக்காரர் ஒரு விதமாகவும் பிரெஞ்சுக்காரர் வேறு விதமாகவும் எழுதியிருப்பார்கள். வாசகர் அட்டைக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். வாசிப்பறைக்குள் பென்சில் மட்டும்தான், பேனாவுக்கு அனுமதி இல்லை. லண்டன் வர முடியாதவர்கள் பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிக்கா இணையதளத்தில் புதுச்சேரி, காரைக்கால் வரைபடங்களை வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

2. தலைப்புக் கட்டத்தை முதலில் படியுங்கள்.
அச்சான ஆண்டும் அளந்த ஆண்டும் ஒன்றல்ல. 1703இல் ஜான் தோர்ன்டன் வெளியிட்ட கிழக்குக் கடல் வரைபடத் தொகுப்பு, பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பெரிய மாற்றம் இல்லாமல் திரும்பத் திரும்ப அச்சானது. வரைபடம் அச்சிடும் செப்புத் தகடு விலை உயர்ந்தது, புதிதாகச் செதுக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஒருவர் செய்த பிழையை அடுத்தவர் பார்த்துச் செதுக்கினார். இந்த நிலையை மாற்றப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் அலெக்சாண்டர் டால்ரிம்பிள். இளம் வயதில் கம்பெனி எழுத்தராக மெட்ராஸ் வந்தவர். 1779இல் கம்பெனியின் கடல் வரைபடப் பொறுப்பையும், 1795இல் பிரிட்டிஷ் கடற்படையின் முதல் வரைபட அதிகாரி பதவியையும் ஏற்றார். யார் அளந்த அளவு என்று வரைபடத்திலேயே குறித்திருந்தால் அந்த வரைபடத்தைக் கூடுதலாக நம்பலாம்.

3. ஆழ எண்ணுக்கு என்ன அலகு என்று பாருங்கள்.
ஆங்கில வரைபடத்தில் ஒரு பாகம் என்றால் ஆறு அடி, அதாவது 1.83 மீட்டர். பிரெஞ்சு வரைபடத்தின் பாகம் ஐந்து பிரெஞ்சு அடி, சுமார் 1.62 மீட்டர். காரைக்கால் முன்னால் 10 என்று ஒரு பிரெஞ்சு வரைபடம் சொன்னால் அது 16 மீட்டரைச் சற்றே தாண்டும். ஆங்கில வரைபடம் அதே 10ஐச் சொன்னால் 18 மீட்டருக்கு மேல். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கடல் தூர்ந்துபோனது என்று முடிவு கட்டுவோர் உண்டு. அலகைப் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

4. எண்ணுக்குக் கீழே உள்ள சின்ன எழுத்தையும் படியுங்கள்.
ஒவ்வொரு எண்ணும் ஒரு மனிதனின் கை உழைப்பு. கப்பலின் பக்கவாட்டில் நின்ற மாலுமி, ஏழு முதல் பதினான்கு பவுண்டு எடையுள்ள ஈயக் குண்டைக் கயிற்றில் கட்டி முன்னோக்கி வீசுவான். கயிற்றில் இரண்டு பாகத்தில் இரட்டைத் தோல் வார், மூன்றில் மூன்று வார், ஐந்தில் வெள்ளைத் துணி, ஏழில் சிவப்புத் துணி, பத்தில் துளையிட்ட தோல். இருட்டில் கை தடவியே ஆழம் சொல்வதற்கு அந்த ஏற்பாடு. குண்டின் அடியில் ஒரு குழி, அதில் மாட்டுக் கொழுப்பு பூசியிருக்கும். குண்டு தரையைத் தொட்டதும் மணலோ சேறோ சிப்பியோ அதில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். எதுவும் ஒட்டாமல் கொழுப்பு நசுங்கி வந்தால் அடியில் பாறை. மணல், சேறு, சிப்பி, பாறை என்று வரைபடத்தில் நிற்கும் ஓரெழுத்துக் குறிப்புகள் எல்லாம் அந்தக் கொழுப்பில் ஒட்டி வந்தவைதான். நங்கூரம் பிடிக்குமா, நழுவுமா என்பதைக் கப்பல்காரன் அந்த எழுத்தைப் பார்த்துத்தான் தீர்மானித்தான்.

5. தீர்க்கரேகை எங்கிருந்து எண்ணப்படுகிறது என்று கண்டுபிடியுங்கள்.
1884இல் வாஷிங்டன் மாநாடு கிரீனிச்சைப் பொதுத் தொடக்கமாக ஏற்கும் வரை ஆளுக்கொரு பூஜ்யம் இருந்தது. பிரெஞ்சு வரைபடங்கள் பாரிஸிலிருந்து எண்ணின. பாரிஸ், கிரீனிச்சுக்கு இரண்டு டிகிரிக்கு மேல் கிழக்கே உள்ளது. நம் கரைக்கோ மெட்ராஸ் வானாய்வகமே அளவுகோல். கம்பெனியின் கடல் அளவையாளர் மைக்கேல் டாப்பிங் 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டிய அந்த ஆய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் அங்கே நிற்கிறது. அந்த இடத்தின் தீர்க்கரேகையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கணித்தபோது சுமார் இரண்டரை நிமிடம் கிழக்கே தள்ளி வைத்துவிட்டார்கள். தரையில் அது நான்கரை கிலோமீட்டர் அளவு. இந்தியாவின் நிலவரைபடங்கள் பலவும் அந்தப் பிசகைச் சுமந்தே நெடுங்காலம் வந்தன. உங்கள் ஊர் இன்றைய இடத்திலிருந்து கொஞ்சம் கிழக்கே தெரிந்தால் முதலில் இதை நினைவில் கொள்ளுங்கள்.

6. ஓரத்தில் உள்ள கரைத்தோற்றப் படங்களை உற்றுப் பாருங்கள்.
சோழமண்டலக் கரை தட்டையானது. கடலிலிருந்து பார்த்தால் மணலும் பனையும்தான். அதனால் மாலுமிகளுக்குக் கோயில்களே அடையாளம். சிதம்பரத்தின் நான்கு கோபுரங்களும் மாமல்லபுரத்துக் கோயிலும் கடல் வழிகாட்டிகளில் இடம் பிடித்தது இப்படித்தான். நாகப்பட்டினத்தில் சீனக் கோபுரம் என்று சொல்லப்பட்ட பழைய பௌத்தக் கட்டடம் ஒன்றும் கப்பல்களுக்கு அடையாளமாக நின்றது. 1867இல் அதை இடித்துவிட்டார்கள். கரையில் இல்லாமல் போன அந்தக் கோபுரத்தைப் பழைய கடல் வரைபடங்களில் இன்றும் தேடலாம்.

7. வரைபடத்தோடு வழிகாட்டிப் புத்தகத்தையும் கேட்டு வாங்குங்கள்.
பருவக்காற்று, நீரோட்டம், அலை எதுவும் வரைபடத்தில் முழுதாக வராது. மெட்ராஸுக்கு அன்று துறைமுகமே கிடையாது. கரையிலிருந்து ஒன்றிரண்டு மைல் தள்ளித் திறந்த கடலில் நங்கூரம் போட வேண்டும். கயிற்றால் தைத்த மசூலாப் படகில்தான் ஆளும் சரக்கும் அலையைத் தாண்டிக் கரை சேரும். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை அங்கே நிற்காதே என்பது கம்பெனிக் கால எச்சரிக்கை. நின்றவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1746 அக்டோபரில் மெட்ராஸைப் பிடித்த கையோடு பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயின் கப்பல்கள் புயலில் சிதறின, சில மூழ்கின. எச்சரிக்கைக் காலத்துக்கு வெளியேயும் கடல் காத்திருக்கவில்லை. 1749 ஏப்ரலில் கடலூர் அருகே நமூர் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கியது. 1761 ஜனவரி 1 அன்று புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த பிரிட்டிஷ் கப்பல்களில் பல ஒரே புயலில் அழிந்தன.

8. தேதியை இருமுறை சரிபாருங்கள்.
பிரிட்டன் 1752இல்தான் புதிய நாட்காட்டிக்கு மாறியது. அந்த நூற்றாண்டில் அதற்கு முன் ஆங்கிலத் தேதியும் பிரெஞ்சுத் தேதியும் 11 நாள் வேறுபட்டன. மேலே சொன்ன 1746 புயல் பிரெஞ்சுக் குறிப்பில் அக்டோபர் நடுவில் வரும், ஆங்கிலக் குறிப்பில் மாதத் தொடக்கத்தில் வரும். இரண்டும் ஒரே இரவுதான். தவிர, கப்பல் நாட்குறிப்பில் அன்று நாள் நண்பகலில் தொடங்கியது. ஒரு நாள் முன்பின் இருந்தால் அவசரப்பட்டுத் தவறு என்று சொல்லிவிடாதீர்கள்.

செய்யக்கூடாதவை

1. எண் இல்லாத இடத்தை ஆழமான இடம் என்று எண்ணாதீர்கள்.
இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தாலும் போதும். வெள்ளையாக விட்ட இடத்துக்கு ஒரே பொருள்தான்: அங்கே யாரும் ஈயக் குண்டு போடவில்லை. கப்பல் போன தடத்தில்தான் எண்கள் விழும். இரண்டு தடங்களுக்கு நடுவே ஊசி போல நிற்கும் பாறை எந்தக் குண்டிலும் படாமல் தப்பிவிடும். பெரிய கப்பல்கள் நுழையாத பாக் விரிகுடாவில் பழைய வரைபடங்கள் பலவற்றில் எண்கள் அருகியே கிடக்கும். அங்கே ராமர் பாலத்தின் மணல்திட்டுகளும் பாறைகளும் ஆள் ஆழத்துக்கும் குறைவாகவே பல இடங்களில் கிடந்தன. பம்பாயிலிருந்து மெட்ராஸ் வரும் கப்பல் இலங்கையைச் சுற்றித்தான் வந்தது. 1830களின் பிற்பகுதியில் இந்தியக் கடற்படையின் பாவெலும் எதர்சியும் பாக் நீரிணையையும் மன்னார் வளைகுடாவையும் முறையாக அளந்த பிறகே அந்த வெள்ளை இடங்கள் நிரம்பின.

2. கப்பல் நின்ற இடத்தைக் கேப்டன் எழுதியிருப்பதால் அது சரி என்று நம்பாதீர்கள்.
அட்சரேகையைச் சூரியனைப் பார்த்துக் கணித்துவிடலாம். தீர்க்கரேகைக்குத் துல்லியமான கடிகாரமோ, நிலாவை வைத்து நீண்ட கணக்கோ வேண்டும். இரண்டும் இல்லாதவர்கள் வேகத்தையும் திசையையும் வைத்து உத்தேசமாகக் குறித்தார்கள். 1782 மார்ச்சில் மெட்ராஸை விட்டுக் கிளம்பி, திருகோணமலையைத் தொட்டுச் சென்ற குரோவனர் கப்பலின் கேப்டன் காக்சன், ஆப்பிரிக்கக் கரை இன்னும் நூறு லீக் தூரத்தில் இருப்பதாக நம்பினார். ஆகஸ்ட் 4 விடியும் முன் கப்பல் அதே கரையில் மோதியது. 123 பேர் உயிரோடு கரையேறினார்கள். அந்நிய நிலத்தில் நடந்தே நலிந்ததில், பிழைத்து ஊர் திரும்பியவர்கள் 18 பேர்தான். நான்கு ஆண்டுகள் கழித்து, 1786 மே மாதம், அட்லஸ் என்ற கப்பல் டியேகோ கார்சியா தீவில் மோதி உடைந்தது. காரணம் பிழையான வரைபடம். அந்தக் கப்பலில் முதல் மேட்டாக இருந்த இளைஞர்தான் ஹார்ஸ்பர்க். பிறகு வாழ்நாள் முழுதும் கப்பல் நாட்குறிப்புகளைச் சேகரித்து, ஒப்பிட்டு, திருத்தி எழுதினார். 1810இல் கம்பெனியின் கடல் வரைபட அதிகாரியானார். அவர் புத்தகத்தின் ஒவ்வொரு எச்சரிக்கைக்குப் பின்னாலும் யாரோ ஒருவரின் இழப்பு இருக்கிறது.

3. திசைகாட்டிப் பூவை இன்றைய வடக்கோடு பொருத்தாதீர்கள்.
காந்த ஊசி காட்டும் வடக்கும் உண்மை வடக்கும் ஒன்றல்ல. அந்த விலகல் இடத்துக்கு இடம், ஆண்டுக்கு ஆண்டு மாறும். வானியலாளர் எட்மண்ட் ஹாலி அட்லாண்டிக்கில் கப்பலோட்டி அளந்து 1701இல் விலகல் வரைபடம் வெளியிட்டார். வரைபடத்தில் விலகல் எத்தனை டிகிரி, எந்த ஆண்டுக்கு என்று எழுதியிருந்தால் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு படியுங்கள். எழுதவில்லையென்றால் திசையை உத்தேசமாகவே கொள்ளுங்கள்.

4. 'இருப்பு ஐயம்' என்று குறித்த தீவையும் பாறையையும் பொய் என்று ஒதுக்காதீர்கள்.
தூரத்தில் நுரையைக் கண்டவன் பாறை என்று எழுதினான். மிதந்த மரக்கட்டையோ, மேகத்தின் நிழலோ, மிதக்கும் எரிமலைக் கல்லோ கூடத் தீவாகியிருக்கலாம். ஆனால் அடுத்த கப்பலைக் காப்பதற்காகவே அவன் எழுதினான். இல்லாததை இல்லை என்று நிரூபிக்க நாளாகும். பசிபிக்கில் சாண்டி ஐலண்ட் என்று குறித்த தீவு இல்லவே இல்லை என்று ஆஸ்திரேலிய ஆய்வுக் கப்பல் ஒன்று நேரில் போய் உறுதி செய்தது 2012இல்தான்.

5. பெயர் இல்லாதவர்களை மறந்துவிடாதீர்கள்.
தலைப்புக் கட்டத்தில் கேப்டன் பெயர் இருக்கும், அதிகாரி பெயர் இருக்கும். படகை நிறுத்திப் பிடித்த தண்டேல், ஆழம் குறைந்த வழியைக் காட்டிய பாம்பன் மீனவர், மசூலாப் படகு ஓட்டியவர்கள், டாப்பிங் 1794இல் மெட்ராஸில் தொடங்கிய சர்வே பள்ளியில் படித்து அளவு எடுத்த பையன்கள் யாரும் இருக்க மாட்டார்கள். அந்தப் பள்ளிதான் பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. தூத்துக்குடிக் கடலின் தொலாயிரம் பார் போன்ற முத்துக்குளிக்கும் பார்களின் பெயர்கள் வரைபடம் ஏறியதும் நம்மவர் சொன்னதால்தான். ஊர்ப்பெயர் ஒன்று தமிழ் ஒலியோடு நின்றால் அதைச் சொன்னவர் ஒருவர் அங்கே இருந்தார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

6. ஒரு வரைபடத்தைக் காட்டி இன்றைய எல்லை வழக்கைத் தீர்க்கப் பார்க்காதீர்கள்.
கச்சத்தீவு பற்றியோ ராமர் பாலம் பற்றியோ வாட்ஸ்அப்பில் ஒரு பழைய வரைபடம் வந்ததும் இதோ ஆதாரம் என்று பகிர்வது எளிது. கப்பலுக்கு எது ஆபத்து, எங்கே தண்ணீர் கிடைக்கும், எங்கே நங்கூரம் பிடிக்கும் என்பதே அந்த வரைபடத்தின் கவலை. தீவு யாருக்குச் சொந்தம் என்று அதை வரைந்தவர் விசாரிக்கவில்லை. மீனவர் உயிரோடும் வயிற்றுப்பாட்டோடும் கலந்த கேள்விகளுக்கு ஒரு செப்புத் தகட்டின் கோட்டைப் பதிலாக வைப்பது நியாயம் ஆகாது.

7. பழைய வரைபடத்தை நம்பிக் கடலில் இறங்காதீர்கள்.
மணல் நகரும், முகத்துவாரம் மாறும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி ஊரே போனது. படகு ஓட்டவும் முக்குளிக்கவும் போகிறவர்கள் டேராடூனில் உள்ள இந்தியக் கடற்படையின் நீர்ப்பரப்பியல் அலுவலகம் போன்ற அரசு அமைப்புகள் வெளியிடும் இன்றைய வரைபடங்களையே பயன்படுத்த வேண்டும். மூழ்கிய கப்பலைத் தேடும் ஆசையும் வேண்டாம். இலங்கையின் தென்கிழக்கில் கிரேட் பேஸஸ் பாறைத்திட்டில் 1961இல் ஔரங்கசீப் காலத்து வெள்ளி நாணயங்கள் கட்டி கட்டியாகக் கிடைத்தன. அவற்றைச் சுமந்து வந்த கப்பல் அந்தப் பாறையில் உடைந்ததன் மிச்சம். அங்கே கலங்கரை விளக்கு எரியத் தொடங்கியதே 1873இல்தான். அதற்குள் எத்தனையோ பேருக்கு அந்தத் திட்டு சமாதி ஆகிவிட்டது. அனுமதி பெற்ற ஆய்வாளர்களுக்கு மட்டும் உரிய இடம் அது.

8. வரைபடத்தோடு நிறுத்திவிடாதீர்கள்.
கரையில் தெரியும் கோபுரத்தையும் பனையையும் ஒரே கோட்டில் வைத்து, கடலுக்கடியில் உள்ள பாரை இன்றும் தப்பாமல் கண்டுபிடிக்கும் பெரியவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். செயற்கைக்கோள் கருவி படகுக்கு வந்த பிறகு அந்த அறிவை அடுத்த தலைமுறை கேட்டு வாங்குவது குறைந்துவிட்டது. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது நூலகத்தில் எடுத்த வரைபடப் பிரதி ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். அப்பப்பாவோ பெரியப்பாவோ மாமாவோ, கடல் தெரிந்த யாராக இருந்தாலும் அவர் முன் விரித்து வையுங்கள். எந்தத் திட்டுக்கு என்ன பெயர், எந்தக் காற்றில் எந்த வழி, எங்கே யாருடைய படகு போனது என்று கேட்டு, அவர் சொல்வதைக் குரலோடு பதிவு செய்து, தேதியும் சொன்னவர் பெயரும் சேர்த்து எழுதி வையுங்கள். முந்நூறு ஆண்டுகளாக நம் கடலை அளந்தவர்கள் எழுதாமல் விட்ட பகுதி அதுதான். அதை எழுத இன்றைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.